“தூங்குகிறார்” என்று சொல்லிவிட்டேன், இப்போது வகுப்பே தூங்க மாட்டேன் என்கிறது

மழலை_மிஸ் (கேள்வி)

நான் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் 17 பேர். இந்த வேலைக்கு வந்து இது இரண்டாவது வருடம். ஒரு தப்பு செய்துவிட்டேன், அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு பையனின் அப்பா இறந்துவிட்டார். மாரடைப்பு. முந்தின நாள் மாலை அவர்தான் பையனைக் கூட்டிப்போக வந்திருந்தார். பையன் எட்டு நாள் வரவில்லை. அந்த எட்டு நாளும் நாங்கள் யாரும் மற்ற பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. “அவன் ஏன் வரல?” என்று கேட்டால் “வருவான், வருவான்” என்று சமாளித்தோம்.

ஒன்பதாம் நாள் வந்தான். பையை மாட்டிவிட்டு நேராகக் கட்டைகள் இருக்கும் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். எப்போதும் செய்வதுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பத்து நிமிடம் ஆகியிருக்காது, கட்டையை அடுக்கிக்கொண்டே பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னான்: “எங்கப்பா செத்துப்போயிட்டாரு.” புது செருப்பு வாங்கினதைச் சொல்வதுபோலச் சொன்னான். அவள் “எப்ப வருவாரு?” என்றாள். அவன் கையில் கட்டையோடு கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் வாய் உளறிவிட்டது. “அப்பா ரொம்பக் களைச்சுப்போயிட்டாருடா, நல்லாத் தூங்குறாரு” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தப்பு என்று தெரிந்துவிட்டது. “இல்ல மிஸ், செத்துட்டாரு” என்று அவனே என்னைத் திருத்தினான். நான் கையைத் தட்டி எல்லோரையும் பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன். ஓடி ஒளிந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அன்று மதியம் தூங்கும் நேரத்தில் அந்தப் பெண் படுக்கவே இல்லை. உட்கார்ந்தே இருந்தாள். மறுநாள் மூன்று பேர். அவர்களில் ஒருத்தி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பையனின் இமையை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ஒரு அம்மா வந்து, வீட்டில் மகள் இரவு முழுக்க அப்பாவை எழுப்பிக்கொண்டே இருக்கிறாள், என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார். இன்னொரு பெற்றோர், நான்கு வயதில் சாவைப் பற்றி என்ன பேச்சு என்று எழுதி அனுப்பியிருக்கிறார். எங்கள் பொறுப்பாளரோ “இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள், தானாக மறந்துவிடுவார்கள்” என்கிறார்.

சொன்னதைத் திரும்ப எடுத்துப் பேசலாமா, இல்லை அது இன்னும் குழப்புமா? பையனுடைய அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது? அவரைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. இன்னொன்று, பையன் இப்போது தினமும் கட்டைகளைச் சரித்துவிட்டு அதன்மேல் விழுந்து “நான் செத்துட்டேன்” என்று படுத்துக்கொள்கிறான். இதைத் தடுக்கவேண்டுமா?

இரண்டு_பிள்ளைகளின்_அப்பா

மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். உங்கள் பொறுப்பாளர் சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த மாதிரி விஷயத்தை எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நாங்கள்தான் முடிவு செய்யவேண்டும். ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததற்காக மீதி 16 பிள்ளைகளும் ஏன் கவலைப்படவேண்டும்? அந்த வயதில் விளையாட்டுதான் உலகம். நாலு நாளில் மறந்துபோகும்.

பழைய_கரும்பலகை

மிஸ், முதலில் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன். “செத்துப்போயிட்டாரு” என்று அவன் சொன்னதும் உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். ஒரு பெரியவரைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதற்காக “காலமாயிட்டார்னு சொல்லணும்” என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். அவன் கையில் இருக்கும் ஒரே தெளிவான சொல் அது. நீங்கள் “இறந்துட்டார்” என்று சொல்லுங்கள், அவன் அவனுக்கு வந்தபடி சொல்லட்டும்.

29 வருடம் 3 வயதிலிருந்து 5 வயது வரையான பிள்ளைகளோடு இருந்தவள் நான். நான் செய்த தப்பைக் கேட்டால் உங்களுடையது ஒன்றுமே இல்லை என்பீர்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். என் வகுப்பில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய பாட்டி இறந்துவிட்டார். அவள் வருவதற்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து, பெரிய மனுஷி மாதிரி, “அவளோட பாட்டி தவறிட்டாங்க, நாம எல்லாரும் அவகிட்ட அன்பா இருக்கணும்” என்று சொன்னேன். அவள் வந்ததும் அவளிடமும் அதையே சொன்னேன்: “பாட்டி தவறிட்டாங்களாமே கண்ணு.” வீட்டிலும் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு வாரம் அந்தப் பெண்ணைப்போல ஒரு பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க முடியாது. சொன்ன இடத்தில் பை. கையைக் கட்டி உட்காருவாள். வண்ணம் தீட்டினால் கோட்டைத் தாண்டாது, தாண்டினால் அழிப்பானைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துபோகும். பாட்டி போன துக்கத்தில் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எல்லோர் முன்னாலும் பாராட்டிக் கையில் நட்சத்திரம்கூட ஒட்டிவிட்டேன்.

ஒரு நாள் அவள் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. சாதாரணமாகக் கவிழ்வதுதான், தினமும் யாராவது ஒருவர் கவிழ்ப்பார்கள். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. தரையில் மண்டி போட்டுக் கவுனால் துடைக்கிறாள், “தெரியாமப் பண்ணிட்டேன், தெரியாமப் பண்ணிட்டேன்” என்கிறாள், உடம்பு நடுங்குகிறது. மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் காதருகே வந்து கேட்டாள்: “மிஸ், நானும் தவறிட்டேனா?”

தவறு செய்தால் ஆள் இல்லாமல் போய்விடுவார்கள் என்று புரிந்துவைத்திருக்கிறாள். பாட்டி என்னவோ தவறு செய்திருக்கிறாள், போய்விட்டாள். இரண்டு வாரம் அந்தப் பயத்தில்தான் அந்தப் பிள்ளை கோட்டுக்குள்ளேயே வண்ணம் தீட்டியிருக்கிறது, நான் அதற்கு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து நம் மொழியில் சாவுக்கு இருக்கும் சொற்களை எல்லாம் ஒரு பிள்ளையின் காதில் வைத்துக் கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன். போயிட்டார் என்றால் வருவார். நம்மை விட்டுப் போயிட்டார் என்றால் நம்மைப் பிடிக்கவில்லை, அதனால்தான் போயிருக்கிறார். மேலே போயிட்டார் என்றால் ஏணி வேண்டும். கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்றால் நாளைக்கு என் அம்மாவையும் கூப்பிடலாம். நட்சத்திரமாயிட்டார் என்று சொன்னால் பகலில் எங்கே போனார் என்று அழுவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு இதெல்லாம் ஆறுதல். நான்கு வயதுக்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் நேரான தகவல்.

நீங்கள் சொன்ன “தூங்குறாரு” இதில் ரொம்ப மோசம், ஏனென்றால் அந்த வயதில் அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார்கள். ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாஜ் 1948-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். 3 முதல் 10 வயது வரை 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டுப் பார்த்திருந்தார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்கள் அதைப் பயணம் மாதிரியோ தூக்கம் மாதிரியோ, திரும்பி வரக்கூடியதாகவே பார்த்தார்கள். பின்னால் 1984-ல் ஸ்பீஸ், பிரெண்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சாவு என்பதை மூன்றாகப் பிரித்தார்கள்: திரும்ப முடியாது, உடம்பின் எந்த வேலையும் நடக்காது, எல்லோருக்கும் வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் பிடிபடுவது 5 வயதுக்கும் 7 வயதுக்கும் நடுவில் என்றார்கள். உங்கள் 17 பேரும் அதற்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். அதனால்தான் “எப்ப வருவாரு” என்று அவள் கேட்டாள். அந்த வயதுக்கு அதுதான் நியாயமான கேள்வி.

சரி, திருத்தலாமா என்று கேட்டீர்கள். திருத்தியே ஆகவேண்டும், நாளைக்கே. மதியம் படுக்கும் முன்னால் வேண்டாம், காலையில், விளையாட்டுக்கு முன்னால். மேடைப் பேச்சு மாதிரி வேண்டாம், ஐந்தாறு பேராக உட்காரவைத்து இரண்டு நிமிடம் போதும். “அன்னைக்கு மிஸ் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். அவனோட அப்பா தூங்கலை, இறந்துட்டார். இறந்துட்டார்னா உடம்பு வேலை செய்யுறது நின்னுபோச்சு. மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது, குளிராது. அவரு திரும்ப வர மாட்டாரு. தூக்கம் வேற. தூங்குறப்ப உடம்பு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.” இவ்வளவுதான்.

சொன்னால் மட்டும் போதாது, காட்டவேண்டும். ஆளுக்கொரு சின்னப் பொம்மை கொடுங்கள். ஒருவரைப் படுக்கச்சொல்லிப் பொம்மையை வயிற்றின்மேல் வையுங்கள். மூச்சு விட விட பொம்மை ஏறும், இறங்கும். மதியம் தூங்காத அந்தப் பெண்ணை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, தூங்குகிற பிள்ளையின் வயிற்றில் பொம்மை ஏறி இறங்குவதை எண்ணச்சொல்லுங்கள். இமையைத் தூக்கிப் பார்த்த பெண்ணும் இதைத்தான் தேடியிருக்கிறாள், பாவம், தப்பான இடத்தில்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். “என்ன ஆச்சு?” என்று கேட்டால் வெறுமனே “உடம்பு சரியில்லாமப் போச்சு” என்று சொல்லாதீர்கள், அடுத்த சளிக் காய்ச்சலுக்கே வகுப்பு நடுங்கும். “இதயம் வேலை செய்யாமப் போயிடுச்சு, அது சளி, காய்ச்சல் மாதிரி இல்ல, டாக்டராலயும் சரிபண்ண முடியல” என்று சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது ஒன்று: “யாரும் கோபப்பட்டதால இல்ல, யாரும் குறும்பு பண்ணினதால இல்ல, யாரும் நினைச்சதால இல்ல.” இரண்டு முதல் ஏழு வயது வரை, தான் நினைத்ததுதான் வெளியே நடக்கிறது என்று பிள்ளைகள் நம்புவதை சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே எழுதியிருக்கிறார். முந்தின நாள் “அப்பா நீ போ” என்று கத்திய பிள்ளை அதை மனதில் வைத்துக்கொண்டே சுற்றும், வாயைத் திறக்காது.

“எங்கம்மாவும் சாவாங்களா?” என்று ஒருத்தராவது கேட்பார்கள். “சேச்சே, மாட்டாங்க” என்று சத்தியம் செய்யாதீர்கள். “பெரும்பாலான அம்மா அப்பா ரொம்ப ரொம்ப வருஷம் இருப்பாங்க. உன்னைப் பார்த்துக்க எப்பவும் ஆள் இருப்பாங்க” என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வியின் அடியில் இருப்பது என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். கடவுள், சொர்க்கம், மறுபிறவி என்று அவர்களே கொண்டுவந்தால், “உங்க வீட்ல அப்படிச் சொல்றாங்களா, சரி” என்பதோடு நிறுத்துங்கள். ஆமாம் என்றும் சொல்லவேண்டாம், இல்லை என்றும் சொல்லவேண்டாம். அது அந்தந்த வீட்டுக்காரர் வேலை.

விழுந்து செத்துப்போகும் விளையாட்டைத் தடுக்கவேண்டாம். அவன் யோசிப்பது அப்படித்தான். மற்றவர்களைக் கட்டாயப்படுத்திச் சாகச்சொன்னாலோ, நிஜமாகவே அடிபட்டுக்கொண்டாலோ மட்டும் உள்ளே நுழையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், எழுந்ததும் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள்.

மேலே எழுதிய அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, முடிவு உங்களுடையதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் டீச்சர் சொல்லி வகுப்புக்குத் தெரியவில்லை. பையன் சொல்லித் தெரிந்தது. அதற்குப் பிறகு டீச்சர் வாயை மூடிக்கொண்டால், ‘இது கேட்கக்கூடாதது, இவனிடம் பேசக்கூடாதது’ என்று 16 பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள். அவனும் கற்றுக்கொள்வான். செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் 1982 டிசம்பரில் இறந்தார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல், விஷயம் தெரிந்தவர்களைக் கலந்து பேசி, 1983 நவம்பர் 24 அன்று நேராகவே சொன்னார்கள். அதில் வரும் பெரிய மஞ்சள் பறவைப் பொம்மை, தான் வரைந்த படத்தைக் கொடுக்க ஹூப்பரைத் தேடும், அவர் இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்று பெரியவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். பார்த்தவர்கள் உங்கள் பிள்ளை வயதுக்காரர்கள்தான்.

ஒரு_அம்மா

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பையனுடைய அம்மா இடத்தில் நான் இருந்திருக்கிறேன். என் மகளுக்கு அப்போது மூன்றரை.

தயவுசெய்து அவரைப் பார்த்து ஒதுங்காதீர்கள். என் மகளின் டீச்சர் நல்லவர், ஆனால் என்னைக் கண்டதும் கண் கலங்கி உள்ளே போய்விடுவார். கடைசியில் அவரை நான்தான் தேற்றவேண்டி வந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு போன், ஒரே ஒரு கேள்வி: “வீட்ல என்ன சொல்லியிருக்கீங்க, நாங்களும் அதையே சொல்றோம்.” முடிந்தால் அவன் வருவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம், பரவாயில்லை, இப்போதும் நேரம் போய்விடவில்லை. அப்படியே, “தூங்குறாரு” என்று சொல்லிவிட்டதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலிருந்தாவது வந்து அவருக்குத் தெரியவேண்டாம்.

இன்னொன்று. அப்பாவுக்கு வாழ்த்து அட்டை செய்யும் நாள் ஒன்று வந்தது. என் மகள் மனசு கஷ்டப்படும் என்று டீச்சரே முடிவு செய்து, அவளை மட்டும் தனியாகக் காகிதப் பூ வெட்ட வைத்துவிட்டார். இரவு குளிக்கும்போது கேட்டாள்: “எனக்கு அப்பா இருந்தாருல்ல, அப்புறம் ஏன் எனக்கு அட்டை தரல?” அவளிடம் கேட்டிருந்தால் செய்திருப்பாள். என்னிடமாவது கேட்டிருக்கலாம்.

மணல்_தட்டு

பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். கரும்பலகை அம்மா எழுதியதற்கு மேல் சாவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நிறுத்தியிருந்த படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்புவது, விரல் சப்புவது, அம்மாவை விட்டு நகர மறுப்பது, இதெல்லாம் சில வாரம் இருக்கும், பதறவேண்டாம். மாதக்கணக்கில் குறையாமல் இருந்தாலோ, விளையாடுவதையே விட்டுவிட்டாலோ, அப்பாவிடம் போகவேண்டும், நானும் சாகவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ வெளி உதவி தேடுங்கள்.

நான் எழுத வந்தது வேறு காரணத்துக்காக. இதைப் படிக்கும் டீச்சர்கள் ‘நேராகப் பேசு’ என்பதை எல்லா நுட்பமான விஷயத்துக்கும் பொருத்திவிடக்கூடாது. சாவு, பிரிவு, நோய் இவற்றில் பிள்ளை கேட்கும், நாம் பதில் சொல்லவேண்டும். ஆனால் ஒரு பிள்ளை கட்டை அடுக்கிக்கொண்டே, அதே புதுச் செருப்புக் குரலில், “மாமா என்னை இங்க தொட்டாரு” என்று சொன்னால் நம் வேலை தலைகீழாக மாறிவிடுகிறது. அங்கே பிள்ளை பேசவேண்டும், நாம் வாயை அடக்கவேண்டும்.

“அப்படியா, சொல்லு” என்பதற்கு மேல் போகாதீர்கள். “அவர் இப்படிப் பண்ணினாரா? அப்படிப் பண்ணினாரா?” என்று சொல்லை வாயில் வைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளி வழக்கு 1983-ல் தொடங்கியது. ஆலோசகர்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1990-ல் முடிந்தபோது ஒரு குற்றச்சாட்டுக்கூட நிரூபணமாகவில்லை. எது பிள்ளை சொன்னது, எது கேட்டவர் சொன்னது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் கேட்கும் விதத்தால் உண்மையான ஒரு சொல்லையும் கெடுத்துவிட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ரொம்பக் கஷ்டம். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சொல்லியே ஆகவேண்டும். “நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பு இல்ல, உனக்கு உதவி பண்ணுறவங்ககிட்ட நான் சொல்லப்போறேன்” என்று சொல்லலாம். பிள்ளை என்ன சொல்லில் சொன்னதோ அதே சொல்லில், தேதி நேரத்தோடு அன்றே எழுதிவையுங்கள். உறுப்புக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயரைச் சொன்னால் அதையே எழுதுங்கள், நீங்கள் அழகுபடுத்தாதீர்கள். அன்றே, அதற்கென்று உள்ளவர்களிடம் புகாரைக் கொண்டுபோங்கள். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. வீட்டுக்குப் போன் செய்து ‘இது உண்மையா’ என்று கேட்பது அதைவிட ஆபத்து.

இரண்டு_பிள்ளைகளின்_அப்பா

தவறிட்டேனா கதையைப் படித்துவிட்டு என் மகனிடம் ஒரு கேள்வி கேட்டேன். போன வருடம் என் அம்மா இறந்தபோது ‘பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்லியிருந்தோம். பாட்டி எங்கேடா என்றேன். “ஊர்ல. என்கிட்ட சொல்லாமப் போயிட்டாங்க, அதனால நான் பேச மாட்டேன்” என்கிறான். ஒரு வருடமாகப் பாட்டிமேல் கோபத்தில் இருந்திருக்கிறான்.

இருந்தாலும் ஒன்று. வகுப்பில் இப்படிப் பேசினால் அன்றே எங்களுக்கும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். என்ன சொன்னீர்கள், எந்தச் சொல்லில் சொன்னீர்கள் என்று. இல்லாவிட்டால் வீட்டில் நாங்கள் வேறு ஒன்றைச் சொல்லிவைப்போம்.

பழைய_கரும்பலகை

அது நியாயம். நான் விட்டுவிட்டேன், அதையும் செய்யுங்கள் மிஸ்.

மழலை_மிஸ்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அம்மாவுக்குப் போன் செய்தேன். கையில் எழுதிவைத்துக்கொண்டுதான் பேசினேன், ஆனாலும் குரல் உடைந்தது. நான் உளறியதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், “அவன் வீட்டுக்கு வந்து சொன்னான். மிஸ்ஸுக்குத் தெரியல, நான் சொல்லிக்கொடுத்தேன்னான்.” வீட்டிலும் ‘இறந்துட்டார்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அதையே சொல்லுங்கள், அவன் முன்னாலேயே சொல்லுங்கள் என்றார்.

பொறுப்பாளரிடம் பேசினேன். அவருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பெற்றோருக்கு எழுதும் இரண்டு வரியைத் தான் பார்த்த பிறகுதான் அனுப்பவேண்டும் என்றார். பார்த்தார், ‘இறந்தார்’ என்பதை அடித்து ‘மறைந்தார்’ என்று எழுதினார். பிள்ளைகள் மறைந்து விளையாடும் விளையாட்டை எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் சிரித்துவிட்டு, தான் அடித்ததை அடித்துவிட்டார்.

பிள்ளைகளிடம் ஆறு ஆறு பேராகச் சொன்னேன். ஒருவன் “மண்ணு வாய்க்குள்ள போகாதா?” என்று கேட்டான். இறந்துபோனவங்களுக்கு அது தெரியாது, வலிக்காது என்றேன். ஒருத்தி தன் வீட்டு மீன் செத்ததை விலாவாரியாகச் சொன்னாள், நிறம் உட்பட. ஒருவன் பசிக்கிறது என்றான். இரண்டு நிமிடம் சொன்னீர்கள், எனக்கு நான்கு ஆனது.

பொம்மை வேலை செய்தது. இமையைத் தூக்கிப் பார்த்த பெண் இப்போது மதிய நேரத்துக் காவலாளி, ஒவ்வொரு வயிறாகப் போய் எண்ணிவிட்டு வந்து கடைசியில் தானும் படுத்துக்கொள்கிறாள். ஒருத்தி மட்டும் இன்னும் உட்கார்ந்தே இருக்கிறாள். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், என் பக்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பையன் பொம்மையை வயிற்றில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அப்புறம் கேட்டான், “எங்கப்பா மேல வச்சா?”

“நகராதுடா” என்றேன்.

“ம்” என்றான். எழுந்துபோய்க் கட்டைப் பெட்டியில் கையை விட்டு எதையோ தேடினான். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டான், அதற்கு மறுநாளும் கேட்டான். அதே பதிலைச் சொன்னேன். இன்று காலை அந்தப் பெண், அன்றைக்கு “எப்ப வருவாரு” என்று கேட்டவள், பொம்மையைக் காட்டி என்னிடம் அதைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டை மூலையிலிருந்து அவன் சொல்லிவிட்டான், “நகராது.”